ஆடிக்கு முன் போடாத கையெழுத்து

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாதம், சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் நடந்தது இது. மதுரையில் இருந்த காலம் தொட்டே எனக்கு ஒரே ஆசைதான், சொந்தமாக ஒரு டிபன் கடை. இங்கே வந்து வருடக்கணக்கில் ஆபீஸ் வேலை பார்த்தும் அது விட்டபாடில்லை. ரயில் நிலையத்துப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு கடையைக் கடக்கும்போதெல்லாம் கல்லாவை எங்கே போடலாம், தோசைக்கல்லை எங்கே வைக்கலாம் என்று மனசு கிளம்பிவிடும்.

அந்தக் கடையில்தான் ஒரு டிபன் நிறுவனம் தன் கிளையை எடுத்து நடத்த ஆள் தேடியது. பெயரும் செய்முறையும் அவர்களுடையது. முதலும் உழைப்பும் நம்முடையது. வீட்டின் மேல் கடன் வாங்கலாம் என்று கணவரும் அரைமனதாகத் தலையாட்டினார். மாமியார் ஊரிலிருந்து போனில், "ஆடி பொறக்கறதுக்குள்ள கையெழுத்துப் போட்ரும்மா. ஆடியில எதையும் ஆரம்பிக்கக் கூடாது" என்று பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்துவிட்டார்.

அதற்குள் கையெழுத்து வாங்க நிறுவனம் மறுத்துவிட்டது. ஒரு தடித்த விவர ஆவணத்தைக் கொடுத்து, இதைப் படிக்க இரண்டு வாரமாவது தராமல் கையெழுத்து வாங்கக் கூடாது, அது சட்டம் என்றார்கள். இரண்டு வாரம் போனால் ஆடி! வந்த கோபத்தில், சிறு வணிகர்களின் புகார்களைக் கேட்கும் மாநில அரசு அலுவலகத்துக்கே போன் போட்டுவிட்டேன். நல்ல நாளைக் கெடுக்கிறார்கள் என்று அங்கே புகார் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

போனை எடுத்த பெண் சிரிக்கவில்லை. அந்த இரண்டு வாரமே உங்களுக்காகத்தான் என்று பொறுமையாகச் சொன்னார். கிளை நடத்திவிட்டு வெளியேறியவர்களின் எண்களும் ஆவணத்தில் இருக்கும், ஒருவரிடமாவது பேசுங்கள் என்றார். வேண்டாவெறுப்பாகப் புரட்டியதில் ஒரு தமிழ்ப் பெயர் கண்ணில் பட்டது. மெல்பர்னில், மல்கிரேவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி.

"ஏமாத்திட்டாங்களா?" என்றுதான் அவருக்குப் போன் போட்டு எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"சீச்சீ, அப்பிடியில்லைப் பிள்ளை. எழுதினபடிதான் நடந்தவை. நான்தான் வடிவா வாசிக்கேல்லை. ஒப்பந்தக் காலம் முடிஞ்சுது, அவை புதுப்பிக்கேல்லை. கடையைக் குடுத்துப்போட்டு வந்தனான். பேரும் அவையின்ர, பலகையும் அவையின்ர."

"என்னட்டை வந்த ஆக்கள் இப்பவும் அங்கதான் சாப்பிடினம். என்னால அந்த றோட்டால போகேலாது" என்றார்.

போனை வைத்ததும் ஆவணத்தில் புதுப்பித்தல் பற்றிய பக்கத்தைத் தேடிப் படித்தேன். எனக்கும் அதே நிபந்தனைதான். புதுப்பிப்பதும் விடுவதும் அவர்கள் இஷ்டம் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தது. ஆடி பிறந்தது. வேண்டாம் என்று மெயில் அனுப்பிவிட்டு, யாரையோ பறிகொடுத்தவள் மாதிரி அழுதேன்.

இப்போது அந்தக் கடையை வேறொருவர் நடத்துகிறார். பரமட்டாவுக்கு வேலைக்குப் போக ரயிலேற நடக்கையில் சாம்பார் வாசம் வரும். நடை தானாகத் தளரும். கிடைக்காத கடைக்காக ஏங்குவதை எப்படியோ தாங்கிக்கொள்கிறேன். அன்ரியைப் போல, நானே வளர்த்து ஆளாக்கிய பிறகு கைநழுவிப் போன கடைக்காக ஏங்க என்னால் முடிந்திருக்காது.