அம்மா கேட்ட ஜன்னல்

எங்கள் வீட்டுச் சமையலறையில் பட்டப்பகலிலும் டியூப்லைட்டைப் போட்டால்தான் அடுப்பில் கொதிப்பது ரசமா சாம்பாரா என்று தெரியும். பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு முட்டுச்சந்துக்குள் தோளோடு தோள் உரசி நிற்கும் கல் வீட்டு வரிசையில் எங்களுடையது நடுவில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சிப்பந்திகளுக்காகக் கட்டியதாம். ஒரே அளவாக வெட்டிய சைஸ் கல்லை அடுக்கி, இடுக்குகளில் சுண்ணாம்பு வைத்துப் பூசிய சுவர். முன்பக்க ஜன்னலின் விளிம்பில் நான் சம்மணம் போட்டு உட்காரலாம், சுவருக்கு அவ்வளவு கனம். அந்த ஜன்னலுக்கு மேல் மரச்சட்டம் பின்னிய கூம்புத் தொப்பி ஒன்று உண்டு. ஊரில் அதை மங்கி டாப் என்பார்கள். குரங்கு என்றைக்கு வரும் என்று ஒன்பது வயது வரைக்கும் காத்துக்கொண்டிருந்தேன்.

பழைய கட்டடங்களைக் காக்கிற அலுவலகத்திலிருந்து ஒருநாள் ஆட்கள் வந்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள், இனி இந்த வரிசையின் வெளிச்சுவரில் அனுமதியில்லாமல் யாரும் கை வைக்கக்கூடாது, நடுநடுவே வந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு பெரியப்பாவே அந்த அலுவலகமாகிவிட்டார். அப்பாவின் அண்ணன் அவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். காலண்டர் மாட்ட ஆணி கேட்டால்கூட, “இது வீடு இல்ல, ஹெரிடேஜ்” என்பார். காலண்டர் நாற்காலி மேல் சாய்ந்தே கிடந்தது.

அம்மா கேட்டது ஆணி அல்ல, ஜன்னல். பின்சுவரில், அடுப்புக்கு நேராக, ஒரே ஒரு ஜன்னல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். புகையில் அவளுக்கு இருமல் நிற்பதில்லை. டாக்டரும் காற்று வேண்டும் என்றே சொல்லிவிட்டார். “காத்து வேணும்னா முன்னால வந்து நில்லும்மா” என்று பெரியப்பா மரியாதையாகவே மறுத்துவிடுவார்.

செப்டம்பரில் பெரியப்பா வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனார். அவர் ரயில் ஏறிய மறுநாளே, அம்மாவின் தம்பி, பொம்மனஹள்ளி மாமா, சாக்குப்பையில் உளியும் சுத்தியலும் கொண்டுவந்து இறங்கினார்.

“வேணான்டா, அவரு வந்தா என்ன சொல்வாரு?” என்றாள் அம்மா.

“இன்னாக்கா நீ! கோல்டு பீல்டுல பொறந்தவன் நானு. எங்கப்பன் மலையவே கொடஞ்சவரு. இந்தச் செவுரு எம்மாத்திரம்?”

“எனக்கும் அவருதான்டா அப்பா.”

மாமாவின் அப்பா கோலாரில் தங்கச் சுரங்கத்தில் இறங்கியது உண்மை. மாமா வேலை பார்த்தது பொம்மசந்திராவில், பிஸ்கெட் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிற இடத்தில். ஆனாலும் ரத்தத்தில் கல் இருக்கிறது என்பது அவருடைய வாதம். திட்டமும் தயாராக இருந்தது. திறந்த பிறகு ஓரத்தில் பழைய கல்லையே வைத்துப் பூசி, மேலே கொஞ்சம் கரியைத் தேய்த்துவிட்டால் ஆதியிலிருந்தே இருந்த ஜன்னல் மாதிரி ஆகிவிடுமாம்.

காலையெல்லாம் உளி தெறித்ததுதான் மிச்சம். கல் அசையவில்லை. பேப்பரோடு முன்னறையில் இருந்த அப்பா, எந்த வம்புக்கும் போகாதவர், தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார்.

“அங்க இல்ல. கொஞ்சம் இடது பக்கம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இடது பக்கம் வைத்த உளி சட்டென்று உள்ளே இறங்கியது. அங்கே கல்லிடுக்கில் இருந்தது சுண்ணாம்பு அல்ல, மணல் கூடிப்போன சிமெண்ட். சின்னச் சின்னக் கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. மேலே நீளமாக ஒரு கல் உத்தரமும் கீழே தேய்ந்த ஒரு விளிம்பும் வெளிப்பட்டன. யாரோ எப்போதோ கல் வைத்து அடைத்த ஜன்னல்!

“பாத்தியாக்கா! கை தானா தேடிப்போச்சு” என்றார் மாமா.

எதிரே பார்க்கிற அளவு வழியானதும் வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. எங்கள் வரிசைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பூட்டிய ஒரு குறுகிய சந்து. அதற்கு அப்பால் அடுத்த வரிசையின் முதுகு. அந்த வீடுகளின் வாசல் வேறு தெருவில் என்பதால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நேரெதிர் ஜன்னலில், தலையில் துப்பட்டா போட்ட ஒருவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தார். கையிலிருந்த கீரை அப்படியே நின்றது.

அப்பா எப்போது வந்து எங்கள் பின்னால் நின்றார் என்று தெரியவில்லை.

“சின்னண்ணா…” என்றார் எதிர் ஜன்னலில் இருந்தவர். பிறகு, “முடியெல்லாம் எங்க போச்சு?”

அப்பா தலையைத் தடவிக்கொண்டார். “நீ மட்டும் என்ன, அரிசி மூட்டை மாதிரி ஆயிட்ட.”

“உன் வாய் மட்டும் கொட்டல.”

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், “கோன் ஹை?” என்று யாரெனக் கேட்டது. அவர் திரும்பி, தன் அண்ணன் என்று உருதுவில் சொன்னார். அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலை நுழையாத அந்தப் பொத்தல் வழியாக, “வாங்க, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவைத்தாள். துப்பட்டா நுனியை வாயில் வைத்துக்கொண்டு அவர் சிரித்தார், அழுதார்.

எனக்குத் தெரிந்து அப்பாவுக்குத் தங்கை கிடையாது. பின்வீட்டு முஸ்லிம் பையனோடு போய்விட்ட ஒருத்தி உண்டு என்பதையும், அவளுடைய பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்றிருந்ததையும், அவர்கள் இருவரும் பேசிப் பழகத் தொடங்கியது இந்த ஜன்னலில்தான் என்பதையும் கல்லூரிக்குப் போன பிறகே துண்டு துண்டாகச் சேர்த்துத் தெரிந்துகொண்டேன்.

பெரியப்பா திரும்பி வந்த அன்று அம்மா காலையிலிருந்தே பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டியை மேசையில் வைத்துவிட்டு நேரே சமையலறைக்கு வந்தார். அதற்குள் ஜன்னல் முழுதாகத் திறந்திருந்தது. எதிர் ஜன்னலில் அத்தை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். பெரியப்பாவைக் கண்டதும் துலக்குவதை நிறுத்தினார். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“கொசு வரும்மா. வலை அடிச்சுக்கோ” என்றார் பெரியப்பா, அம்மாவிடம்.

மாமாவுக்குத் திட்டு விழவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சில மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு இளம்பெண் கேமராவோடு வந்தார். இந்தச் சுவர் மாறியிருக்கிறதே என்றார். அம்மா கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றாள். ஜன்னலை மறுபடி அடைக்கச் சொல்லிவிட்டால்? அந்தப் பெண் உத்தரக் கல்லைத் தட்டிப் பார்த்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, கன்னடத்தில் சொன்னார்: இது கட்டும்போதே இருந்த ஜன்னல், இருக்கட்டும். அடைத்ததுதான் பிற்பாடு. யார் அடைத்தது?

“நான்தான்” என்றார் பெரியப்பா.

ஏன் என்று கேட்டார் அவர். பெரியப்பா ஜன்னலைப் பார்க்காமல், குளிர் தாங்கவில்லை என்றார். அந்தப் பெண்ணும் தலையாட்டிக்கொண்டு படம் எடுக்கப் போய்விட்டார்.

நானும் நம்பினேன். பெங்களூர்க் குளிருக்கு யாருக்குத்தான் ஜன்னலை அடைக்கத் தோன்றாது? நாள் முழுக்க அடுப்பு எரிகிற அந்த அறையில் யாருக்கு எப்படிக் குளிரும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.