டிக்கியில் அரிசி மூட்டை

“மழ தூறினாவே ஸ்கூட்டிய மரத்தடியில நிறுத்திக்கினு நிக்கிறவ நீ. ஐஸு மேல காரு ஓட்டப் போறியா?” என்று மாமா போனில் கேட்டார்.

மாமா என் அம்மாவின் தம்பி. திருப்பதியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போய், தரிசனம் முடிந்ததும் இறக்கிக் கூட்டி வருவார். எங்கள் குடும்பத்தில் வண்டி சம்பந்தமாக யார் எதைப் பேசினாலும் கடைசிப் பேச்சு அவருடையதுதான். அவர் பனியைப் பார்த்ததே கிடையாது. அது அவருக்கு ஒரு தடையாக இல்லை.

அன்று காலையில்தான் நான் ஒரு கார் வாங்கியிருந்தேன். கனடாவில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேலை காலை ஆறு மணிக்கு ஆரம்பம். அந்த ஊரின் முதல் பஸ் ஏழு மணிக்கு. நேர்முகத் தேர்வில், “குளிர்காலத்தில் எப்படி வருவாய்?” என்று கேட்டார்கள். “என் காரில்” என்று சொல்லியிருந்தேன். அப்போது என்னிடம் இருந்தது திருப்பதியில் நர்சிங் படிக்கும்போது எடுத்த லைசென்ஸ் மட்டும். ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் ஊரான பாலசமுத்திரத்தில், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு அதை உண்மையாக்குவது எனக்குப் பழகிப்போன வேலை.

நான் வாங்கியது ஸ்போர்ட்ஸ் கார். ஆசைப்பட்டு வாங்கவில்லை. அந்த ஊரில் என் கைக்கு எட்டிய விலையில் இருந்த ஒரே வண்டி அதுதான். சிவப்பு நிறம், இரண்டு கதவு, தரையில் பாய் போட்டு உட்கார்ந்தது போன்ற சீட். விற்றவர் நல்ல மனிதர். “இதைக் குளிர்காலத்தில் ஓட்டாதே” என்று இரண்டு தடவை சொன்னார். இன்ஜின் முன்னால் இருக்கிறது, ஆனால் வண்டியைத் தள்ளுவது பின் சக்கரங்கள். பின்னால் பாரமே கிடையாது. அதனால் பனியில் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகும் என்றார். இலையுதிர்காலத்தில் அதை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதுதான் அந்த விலைக்குக் காரணம். குளிர்கால டயர் நான்கு பழசாகப் பார்த்து வாங்கிப் போட்டேன்.

ஊரில் செய்தி வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் டிராக்டர் ஓட்டுகிற மாந்தோப்பின் சொந்தக்காரர் அவரை நிறுத்தி, “உன் பொண்ணு ரேஸ் காரு வாங்கிச்சாமே?” என்று கேட்டாராம். நைனா மறுக்கவில்லை.

சந்தேகம் தீராவிட்டாலும் மாமா தன் கடமையைச் செய்தார். எங்கள் பக்கத்தில் புது வண்டி எடுத்தால் திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் பூஜை போடாமல் ஓட்ட மாட்டார்கள். வண்டி கனடாவில் இருக்கிறது என்பதை மாமா ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒரு புது டிராக்டருக்கும் ஒரு பெரிய காருக்கும் நடுவில் தன் டாக்சியை நிறுத்தி, எனக்கு வீடியோ கால் போட்டார். எனக்கு அது முந்தின நாள் சாயங்காலம். நான் போனைக் காரின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு குளிரில் நின்றேன்.

பூஜை போடுகிறவர் தெலுங்கில் வண்டியைத் தேடியது என் காதில் விழுந்தது. “வண்டி எக்கட?”

“இதோ சாமி, போன்ல கீது பாரு. என் அக்கா பொண்ணுது.”

“இதுக்கு எப்புடிய்யா எலுமிச்சம்பழம் வெக்கிறது?”

“என் வண்டி சக்கரத்துல வையி. அது போய்ச் சேந்துரும்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மாமாவின் டாக்சிக்கு நான்கு சக்கரத்திலும் பழம் வைத்தார். கற்பூரம் காட்டினார். பிறகு என் காருக்குக் குங்குமம் வைக்க போன் கண்ணாடியில் விரலை வைத்தார். அது சிவப்புப் பட்டனில் பட்டு போன் கட்டானது. ஆகவே அந்தப் பூஜையின் பலன் முழுக்க மாமாவின் டாக்சிக்குத்தான் போயிருக்க வேண்டும். அந்த வருடம் அதற்கு ஒரு பஞ்சர்கூட ஆகவில்லை.

முதல் பனி விழுந்த வாரம் நான் வேலைக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். வீட்டு வாசலில் இருந்த சிறிய ஏற்றத்தை வண்டி ஏறவில்லை. பின் சக்கரங்கள் சுற்றின, வண்டி அசையவில்லை, பிறகு பக்கவாட்டில் மட்டும் அசைந்தது.

டயாலிசிஸில் இருபது நிமிடம் என்பது என்ன என்று சொல்ல வேண்டும். முதல் நாற்காலி ஒரு முதியவருக்கு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு மணிக்கு அவரை மெஷினில் சேர்க்க வேண்டும். அவருடைய நேரம் முடிந்ததும் அதே நாற்காலிக்கு அடுத்தவர் வந்துவிடுவார். நான் தாமதித்தால் அவருக்கு ரத்தம் சுத்தமாகும் நேரம் அந்த அளவுக்குக் குறையும். அன்று குறைந்தது. அடுத்த முறை வரும்போது அவர் கால் வீங்கியிருந்தது.

மேலதிகாரி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மார்ச் வரை எனக்குத் தகுதிகாண் காலம். “இங்கே பனி ஒரு காரணம் இல்லை, எல்லாருக்கும்தான் விழுகிறது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி என்னால் எழுத முடியாது” என்றார். சத்தம் போடாமல் சொன்னார். வேலை போனால் நான் ஊர் திரும்ப வேண்டியிருக்கும். முதியவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த நேரம் முழுதாகக் கிடைக்க வேண்டும், எனக்கு அந்த வேலை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பாரமில்லாத இரண்டு சக்கரம் இருந்தது.

பாரத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. நைனா சேற்று வயலைச் சமப்படுத்த டிராக்டரில் பலகை கட்டிப் பரம்பு அடிக்கும்போது, பலகை தரையோடு அழுந்த வேண்டும் என்று என்னையும் என் தம்பியையும் அதன் மேல் உட்கார வைப்பார். ஐந்தாம் வகுப்பு வரை நான் பாரமாக வேலை பார்த்தேன். கனம் போதவில்லை என்று பக்கத்து வீட்டுப் பையனை ஏற்றிய பிறகு அந்த வேலை போனது.

கூட வேலை பார்க்கிறவர்கள் டிக்கியில் மணல் மூட்டை போடச் சொன்னார்கள். இரும்புச் சாமான் கடையில் மணலைப் பையில் கட்டி விற்றார்கள். காசு கொடுத்து மண் வாங்க எனக்கு மனம் வரவில்லை. எப்படியும் அரிசி வாங்கத்தான் வேண்டும், இந்தியக் கடை இருக்கிற நகரம் இரண்டு மணி நேர தூரம், பனியில் அடிக்கடி போக முடியாது. பத்துக் கிலோ சோனா மசூரி ஆறு பை வாங்கி, பின் அச்சுக்கு நேராக அடுக்கினேன். அடுத்த நாள் வண்டி அந்த ஏற்றத்தை ஏறியது. வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைக்க வேண்டும், திருப்பத்தில் பிரேக்கைத் தொடக் கூடாது, பின்பக்கம் விலகினால் அது போகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். ஆளில்லாத பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமென்றே வண்டியைச் சறுக்கவிட்டுச் சறுக்கவிட்டு இதைக் கற்றுக்கொண்டேன். டிசம்பர் முழுக்க ஒரு நாளும் தாமதமாகவில்லை.

என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டவள் சித்தூர் டவுன் பெண். இந்தக் கனடா ஊரில் இருந்த கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். தெலுங்குக்காரி, எங்கள் தமிழும் பேசுவாள். டிக்கியைப் பார்த்துவிட்டு, “ஏன் அக்கா, பஞ்சம் கிஞ்சம் வரப்போவுதா?” என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜனவரியில் சங்கராந்தி வந்தது. கல்லூரியில் இருந்த தெலுங்குப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிச் சாப்பிட்டார்கள். சமையல் அவள் பொறுப்பு. நானும் போனேன். புளியோதரை நன்றாகத்தான் இருந்தது. மூன்று தடவை போட்டுக்கொண்டேன்.

திங்கள்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். இரவு முழுக்கப் பனி விழுந்து, அதன்மேல் லேசாக மழையும் பெய்து உறைந்திருந்தது. மூடிக் கிடந்த ஐஸ்கிரீம் கடை ஓரத்தில் ஒரு திருப்பம். வழக்கமான வேகம்தான். பின்பக்கம் விலகியது, நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அது கேட்கவில்லை. வண்டி நிதானமாக ஒரு அரை வட்டம் போட்டு, சாலையோரப் பனிக்குவியலில் பின்புறத்தைச் சாய்த்து நின்றது. எனக்கோ வண்டிக்கோ அடியில்லை.

டிக்கியைத் திறந்தேன். ஒரே ஒரு பை இருந்தது.

அவளுக்குப் போன் போட்டேன். தூக்கத்தில் எடுத்தாள்.

“அரிசி எங்கடி?”

“நேத்து ஆக்குனோம் இல்ல, அக்கா. கடைக்கு யாரு போறது இந்தக் குளிர்ல? நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க.”

“அஞ்சு பையுமா?”

“இருநூறு பேரு அக்கா. அப்பவும் ஒண்ண உட்டு வெச்சேன். ஏதோ உங்களுக்கு சென்டிமென்ட்டுன்னு.”

போனை வைத்துவிட்டேன். நேற்றுச் சாப்பிட்டது என் வண்டியின் பாரம் என்பதும், அதில் ஒரு பங்கு இப்போது தவறான சீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் புரிந்தது.

ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின் சக்கரங்கள் அதே இடத்தில் சுற்றிப் பனியைக் கண்ணாடியாக்கின. கால்மிதியை எடுத்துச் சக்கரத்தின் அடியில் செருகினேன். அது பின்னால் பறந்து போய் இருட்டில் விழுந்தது. சாலையில் யாரும் வரவில்லை. ஆறு மணிக்கு முப்பது நிமிடம் இருந்தது. வேண்டியது மணலோ சரளையோ, சொரசொரப்பாக ஏதாவது ஒன்று. என்னிடம் இருந்தது பத்துக் கிலோ சோனா மசூரி.

எங்கள் வீட்டில் யாரும் அரிசியை மிதிக்க மாட்டோம். புடைக்கும்போது சிந்தினால் அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். தெரியாமல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பாட்டன் காலத்தில் அரிசி கூலியாக வந்தது, இப்போது ரேஷனில் வருகிறது, இரண்டுமே அளந்து வருவது. நான் பையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அதற்கப்புறம் முதல் நாற்காலியை நினைத்தேன். பையைக் கிழித்து, இரண்டு பின் சக்கரத்தின் முன்னாலும் பாதிப் பாதியாகக் கொட்டி, காலால் அழுத்திப் பரப்பினேன். ஷூ போட்டிருந்தேன். அது பாவத்தைக் குறைத்ததா கூட்டியதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

இரண்டாம் கியரில், மெதுவாக. சக்கரத்துக்கு அடியில் நறநறவென்று சத்தம் கேட்டது. முதல் முயற்சியில் வண்டி ஆடிவிட்டு நின்றது. இரண்டாவதில் வெளியே வந்தது. மிச்ச தூரத்தைப் பாரமே இல்லாமல், சைக்கிள் போகிற வேகத்தில் ஓட்டினேன்.

நான் உள்ளே நுழையும்போது முதியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். மேலதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், பனி ஒட்டிய என் ஷூவைப் பார்த்தார். ஊசியைப் பொருத்தி முடித்ததும் முதியவர் என் ஸ்வெட்டர் மடிப்பிலிருந்து ஒரு அரிசியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “காலையிலேயே கல்யாணமா?” என்று கேட்டார். அவர்கள் ஊரிலும் மணமக்கள் மேல் அரிசி போடுவார்களாம். இல்லை, கார் சிக்கிக்கொண்டது என்றேன். அன்று அவருக்குரிய நேரம் முழுக்க மெஷினில் இருந்தார்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் அவளே கண்டுபிடித்துவிடுவாள் என்று தோன்றியது, எப்படி என்று தெரியாது.

“எவ்ளோ கொட்டுன?”

“ஒரு பை.”

“அள்ளினியா?”

“பனிம்மா. இருட்டு வேற.”

நைனா பக்கத்தில் இருமுவது கேட்டது.

“அந்தப் பெரியவரு எப்பிடி கீறாரு?” என்று அம்மா கேட்டாள்.

“நல்லா கீறாரு.”

“அங்க குருவி கிருவி இருக்குதா?”

“இருக்குது.”

“செரி உடு. அது துன்னும்.”

மறுநாள் இரும்புச் சாமான் கடைக்குப் போய், காசு கொடுத்து மண் வாங்கினேன். சித்தூர்க்காரி தன் கையால் அதை அடுக்கித் தந்தாள். இதையும் ஆக்கிவிடாதே என்று சொன்னேன். மார்ச் முடிவில் என்னை நிரந்தரமாக்கினார்கள். மேலதிகாரி அம்மா எழுதியதை எனக்குப் படிக்கக் கொடுத்தார். பனிக்காலத்தில் நம்பத் தகுந்தவள் என்று ஒரு வரி இருந்தது. என்னைப் பற்றி யாரும் அப்படி எழுதுவார்கள் என்று பாலசமுத்திரத்தில் ஒருவரும் நினைத்திருக்க முடியாது. அங்கே அந்தத் தகுதிக்கு உபயோகமே கிடையாது.

அடுத்த குளிர்காலமும் அதே வண்டிதான். அது முடிந்து, இந்த அக்டோபரில் லீவில் வந்தேன். சென்னை விமான நிலையத்துக்கு மாமா கார் எடுத்து வந்திருந்தார். நகரி தாண்டும் வரை என்னை எடை போட்டுக்கொண்டே ஓட்டினார்.

“ரெண்டு வருஷம் ஓட்டிட்ட. செரி, ஒத்துக்கிறேன். போதும், அத வித்துட்டு ஒழுங்கான வண்டியா வாங்கு.”

“என்ன வேற ஊருக்கு கூப்புட்றாங்க மாமா. வடக்க. புதுசா டயாலிசிஸ் ஆரம்பிக்கிறாங்க. அங்க இருக்கிறவங்க இப்ப மூணு மணி நேரம் வண்டியில வந்துக்கினு போய்க்கினு இருக்காங்க. பனி நாள்ல பாதிப்பேரு வர்றதே இல்ல. போறியான்னு மேடம் என்னத்தான் கேட்டாங்க.”

“அங்க பனி கம்மியா?”

“ஜாஸ்தி. மே மாசம் வரைக்கும் இருக்கும்.”

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “யோசிச்சி சொல்றேன்னு சொல்லிட்டு வந்தியா?”

இல்லை என்றேன். விமானம் ஏறுவதற்கு நான்கு நாள் முன்னால் சிவப்புக் காரில் வடக்கே ஓட்டிக்கொண்டு போய், புது ஆஸ்பத்திரியின் பின்வாசலில் ஊழியர்களுக்கான இடத்தில் அதை நிறுத்திவிட்டு, பஸ்ஸில் திரும்பியிருந்தேன்.