ஆற்றுப் பக்கத்துச் சுவர்

காலை ஆறே முக்கால். லின்ஃபீல்ட் வீட்டுச் சமையலறை மேசையில் நான் முதலில் கண்டது ஒரு கறுப்பு வெள்ளைப் படம்: அயர்லாந்தில், ஆற்றங்கரையில் இடிந்து நிற்கும் கோட்டை. பக்கத்தில் அதன் வரைபடம். என் கணவர் சவரம் செய்து, டை கட்டி, அவற்றின் முன் உட்கார்ந்திருந்தார்.

யாழ்ப்பாணத்தில் அவர் கட்டடப் பொறியியலாளர். நியூசிலாந்துக்கு வந்தபின், ஒக்லாந்தில் விரி என்ற புறநகரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினார். பழைய கற்கட்டடங்களைப் பராமரிக்கும் அலுவலகம் ஒன்று இரண்டாம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, படத்தையும் கொடுத்துவிட்டிருந்தது. கோட்டையை எப்படிக் கட்டினார்கள், எப்படி இடிந்தது என்று பத்து மணிக்குச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் எங்கள் ஆட்களுக்குப் படித்த வேலைக்கு முதல் அழைப்பே அபூர்வம்.

கட்டிய விதத்தை எனக்குப் பிழையில்லாமல் சொல்லிக் காட்டினார். அடியில் அகன்று சரிவாக எழும் சுவர், கீழ்த்தளத்துக்குக் கல் வளைவுக் கூரை, சுவரின் தடிப்புக்குள்ளேயே சுழன்று ஏறும் படிக்கட்டு, அம்பு எய்ய ஒடுங்கிய துவாரங்கள். ஆற்றுப் பக்கத்துச் சுவரில் மட்டும் பெரிய ஓட்டை.

"இது ஷெல். ஆத்துக்குள்ள கப்பல் வந்து அடிச்சிருக்கிறாங்கள்."

முன்னறையில் வாடகைக்கு இருந்த மதுரைக்காரர் பாணுக்கு வெண்ணெய் தடவியபடி எட்டிப் பார்த்தார். "அண்ணே, அயர்லாந்துக்கும் இலங்கை நேவியை அனுப்பிட்டீங்களா?"

"நீர் பேசாமச் சாப்பிடும்."

பத்திரிகை வேலையில் இடிந்த வீடுகள் பல பார்த்து எழுதியிருக்கிறேன். ஷெல் விழுந்த சுவருக்குக் கீழே கல் குவிந்து கிடக்கும். படத்தில் அந்த இடத்தில் புல். மூலைகளில் செதுக்கிய கற்களும், கை எட்டும் உயரம்வரை, இல்லை.

"இஞ்ச பாருங்கோ, விழுந்த கல் எங்க? ஊர்ச்சனம் வீடு கட்டக் கழட்டிக்கொண்டு போயிருக்கு."

"சனம் ஏன் கழட்டுது? விசர்க்கதை."

"நாங்கள் விட்டிட்டு வந்த வீட்டில கதவு நிலையள் இப்ப இருக்கோ? ஷெல்லோ கொண்டு போனது?"

மதுரைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"விடியக்காத்தால அதைக் கதையாதையும்" என்று படத்தை உறைக்குள் போட்டார் கணவர்.

காரை நான்தான் ஓட்டினேன். நகரத்தில் அந்த அலுவலக வாசலில் அவரை இறக்கிவிட்டேன். தெருவில் காத்திருந்தேன். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் இறங்கி வந்து, கதவைச் சாத்தி, பெல்ட்டைப் போட்டார்.

"ஷெல் எண்டோ சொன்னனீங்கள்?"

"ஓம். எனக்கு அப்பிடித்தான் தெரியுது."

"அவை என்ன சொன்னவை?"

"விழுந்த கல் எங்க எண்டு கேட்டவை."

வெள்ளிக்கிழமை, அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள்.