நானே எழுதிய 'பலி'

உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கையை ஒரு பாடமாக எடுத்திருந்தேன். ஊரில் நடக்கும் ஏதாவதொன்றைச் செய்தியாக எழுதிவரும்படி ஆசிரியை சொல்லியிருந்தார்.

அன்று பின்னேரம் உரும்பிராய்ச் சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள் லொறிக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. ஓட்டிவந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் படமெடுத்து, 'விபத்தில் ஒருவர் பலி' என்று தலைப்பிட்டு வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். அவர் இறந்ததாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெருவில் கிடந்த இரத்தத்தைப் பார்த்து நானே எழுதினேன். எல்லாருக்கும் முந்திவிட்டேன் என்று சந்தோஷமாகவும் இருந்தது.

சில நிமிடங்களில் என் வகுப்புத் தோழி சுகன்யா அழைத்தாள்.

"நீ போட்ட படத்திலை கிடக்கிறது எங்கடை அப்பாவின்ரை மோட்டார் சைக்கிளடி. அப்பா செத்திட்டாரோ?"

"எனக்குத் தெரியாதடி."

"தெரியாமல் ஏன் எழுதினனீ?"

அவளுக்குப் பின்னால் அவளது அம்மா அலறுவது கேட்டது.

அந்த நேரம் அவளது அப்பா உயிரோடுதான் இருந்திருக்கிறார். மயங்கி விழுந்த தாயைத் தெளியவைத்து அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் சுகன்யா என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "அப்பா கடைசிவரைக்கும் எங்களைத்தான் கேட்டவராம்."

இப்போது ஒரு பத்திரிகையில் வேலை செய்கிறேன். மரணச் செய்தியென்றால் ஆஸ்பத்திரியில் விசாரிக்காமல், வீட்டாருக்குத் தெரியும் என்பதை உறுதிப்படுத்தாமல் ஒரு வரியும் எழுதுவதில்லை. பிந்திவிட்டாய் என்று செய்தி ஆசிரியர் பல தடவை ஏசியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு அடுத்த அழைப்பை எடுக்கிறேன்.