பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்த மணல்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் என்னோடு படுக்கை விரிப்பு மடித்தவள் ஒரு ஸ்பானியப் பெண். விரிப்பின் இரண்டு முனைகள் அவள் கையில், இரண்டு என் கையில். மடிக்கக் கிட்டே வரும்போதெல்லாம் ஏதாவது பேசுவாள். அவளுடைய கடற்கரை ஊரின் கதையை அப்படித் துண்டு துண்டாகத்தான் கேட்டேன்.

அவள் சிறுமியாக இருந்தபோது அது வெறும் மீன்பிடி ஊர். கரையிலிருந்து தள்ளியிருந்த வாதுமைத் தோட்டங்களுக்குத்தான் மதிப்பு. அவை ஆண்பிள்ளைகளுக்குப் போயின. உப்புக்காற்றில் எதுவும் விளையாத கடலோர மணலைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மணலை வைத்துப் பிழைக்க முடியாமல் அவள் ஜெர்மனிக்கு வேலைக்கு வந்தாள். அதே காலத்தில் ஜெர்மன்காரர்கள் வெயில் காய அங்கே போகத் தொடங்கினார்கள். மணலில் ஹோட்டல்கள் எழும்பின. தோட்டங்கள் விலைபோகாமல் கிடந்தன.

“அதுக்குப் பிறகு அண்ணன் என்னோட கதைக்கிறேல்லை,” என்றாள். “நான் கடலைக் களவெடுத்தமாதிரி.”

அவள் தன் பங்கு மணலை விற்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை. யாழ்ப்பாணத்தில் என் சீதனக் காணியும் கடலோரம்தான். இராணுவ முகாமுக்குள் கிடக்கிறது.

ஒரு கோடைவிடுமுறையில் என்னையும் கணவரையும் அங்கே அழைத்தாள். இரண்டு உயர்ந்த ஹோட்டல்களுக்கு நடுவே அவள் கட்டிய சிறிய வீடு. ஒருநாள் பின்னேரம் அவளுடைய அண்ணன் வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். தோட்டத்தைக் கைவிட்டு, ஹோட்டலில் பரிமாறி ஓய்வு பெற்றவர். விருந்தினரிடம் பழகிய ஜெர்மன் மொழியில், அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்:

“அவளுக்குச் சொல்லுங்கோ, கதவு உப்பில பழுதாப்போச்சு. நான் வந்து பெயின்ற் அடிச்சு விடுறன்.”

அவளும் ஜெர்மனில் எனக்கே பதில் சொன்னாள்: “காலமை வரச் சொல்லு. வெயிலுக்கு முதல்.”

ஒரே தாயின் பிள்ளைகளுக்கு நடுவே, இருவருக்கும் சொந்தமில்லாத மொழியில், யாழ்ப்பாணத்துக்காரி நான் தூது.

மறுநாள் அவர் வந்தார். ஆளுக்கொரு பக்கமாக நின்று பூசினார்கள். மதியத்துக்குள் நிறம் சரியில்லை என்று ஸ்பானிய மொழியில் சண்டை தொடங்கிவிட்டது.

“பிரிச்சுவிடட்டே?” என்று கணவர் எழுந்தார்.

“சும்மா இருங்கோப்பா,” என்றேன். “கதைக்கட்டும்.”