பெயின்டர் போட்ட வில்லங்கம்

பெயின்டருக்குச் சுவரில் கை சுமார்தான். காகிதத்தில் படு சுத்தம். "திட்டுத் திட்டா இருக்கே" என்று எந்த வீட்டுக்காரராவது வாயைத் திறந்தால் போதும், கூலி பாக்கி என்று பதிவு அலுவலகத்தில் அந்த வீட்டின் மேல் ஒரு வில்லங்கம் ஏறிவிடும். வில்லங்கம் ஏறிய வீட்டை விற்க முடியாது. எதற்கு வம்பு என்று எதையாவது கொடுத்துத் தொலைப்பார்கள். மனிதர் இதை மிரட்டல் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. தன்மானம் என்றுதான் நினைத்தார். பொய்யாக வில்லங்கம் போட்டால் ஜெயில் என்று புதிதாகச் சட்டம் வந்தபோதுகூட, "நல்ல சட்டம், ஊர்ல ஃபிராடு பெருத்துப்போச்சு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கண்ணீரும் கம்பலையுமாக வந்து நின்றாள். அவளும் மருமகனும் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் ஒரு வீடு பார்த்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பதிவு நடக்காவிட்டால் வங்கி கடனை ரத்து செய்துவிடும். இன்னொரு கடனுக்கு வழியில்லை.

"எவனோ படுபாவி அந்த வீட்டு மேல வில்லங்கம் போட்டு வச்சிருக்கான்ப்பா. யாருன்னு வங்கியில சொல்ல மாட்டேங்கறாங்க. அவனை உள்ள தள்ளாம விடக்கூடாது!"

"எந்த வீடும்மா?"

பச்சை கேட் போட்ட டீச்சரம்மா வீடு. அதன் மேல் வில்லங்கம் போட்டது பெயின்டரேதான்.

அன்று மாலையே டீச்சரம்மா வாசலில் போய் நின்றார். பாக்கி தீர்ந்தது என்று இருவரும் எழுதிக் கொடுத்தால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும்.

"பைசா வேண்டாம்மா, ஒரு கையெழுத்து போதும். வாங்கப்போறது என் பொண்ணு."

"இல்லாத பாக்கியைத் தீர்த்துட்டேன்னு நான் எப்படிய்யா எழுதறது? நீங்க போட்டது பொய்னு எழுதுங்க" என்று டீச்சரம்மா கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் பதிவு அலுவலக குமாஸ்தா குரலைத் தாழ்த்தி, "பொய்னு எழுதினா நேரா போலீசுக்குப் போயிடும் சார். கோர்ட்டுல பார்த்துக்கலாம்னு விடுங்க, வருஷக்கணக்கா இழுக்கலாம்" என்றார். இழுக்கத்தான் பெயின்டருக்குத் தெரியாதா? மகளிடம்தான் அத்தனை வருஷம் இல்லை. எழுதிக் கொடுத்தார். எத்தனையோ பொய் எழுதிய கை, முதல்முறையாக ஓர் உண்மையை எழுதியது.

மகளுக்கு வீடு பதிவான அன்றுதான் ஸ்டேஷனிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது.

"அப்பா, முடிஞ்சிடுச்சு! அந்த ஆளே வந்து வில்லங்கத்தை எடுத்துட்டானாம். பேரு கேட்டா டீச்சரம்மா சொல்லவே மாட்டேங்கறாங்க. பாவம், கண்டபடி திட்டிட்டேன். நல்ல மனுஷன்தான் போலப்பா."

அவரைப் பற்றி இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"இருக்கும்மா" என்றார்.

கான்ஸ்டபிள் போனுக்குக் கையை நீட்டினார்.