மூன்று பேருக்கு ஒரே ஊசி

மாணிக்கமும் மகள் நிரஞ்சனாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, நெத்திலிக்குத் தலை கிள்ளியது. அவள் கிள்ளிப் போட்டதையெல்லாம் அவர் மறுபடி எடுத்துப் பார்த்தார். "லேப்லயும் இப்படித்தான் வேலை பாக்குறியா?" என்று சிரித்தார். அடுத்த வாரம் அவருக்குக் கண் மஞ்சளித்தது. ஈரலில் புற்று. தீபாவளிக்கு அவர் இல்லை.

நிரஞ்சனா மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் சோதிப்பவள். காரணம் ஹெபடைடிஸ் சி கிருமி என்றார்கள். சிங்கப்பூரில் நூறு பேரில் ஒருவருக்குக்கூட இராது. அதனால் யாரும் தேடுவதில்லை. பல வருஷம் சத்தமில்லாமல் ஈரலை அரிக்கும். முன்னதாகத் தெரிந்தால் மூன்று மாத மாத்திரையில் ஒழிந்துபோகும். மது தொடாதவன் என்று ஊரெல்லாம் பெருமை பேசிய அப்பாவுக்கு அது எங்கிருந்து வந்தது?

பதில், தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடையில் பிரியாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அப்துல் அஜீஸ், அப்பாவோடு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், அவரைவிட மூத்தவர்.

"அப்பல்லாம் ஞாயித்துக்கிழமையானா நாங்க தங்கியிருந்த குவார்ட்டர்ஸுக்கு ஒரு ஆளு வருவான்மா. முதுகுவலிக்கு சத்து ஊசி. டாக்டர்னுதான் நெனச்சோம். ஒரே ஊசி, சுடுதண்ணியில ஒரு முக்கு. மொதல்ல நான், அப்புறம் உங்கப்பா, கடைசியா எங்ககூட வேலை பாத்த ஸ்ரீராம்."

"உங்களுக்கும் இருந்துச்சா மாமா?"

"இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னால வேற எதுக்கோ ரத்தம் எடுத்தப்ப தெரிஞ்சுது. மாத்திரை போட்டேன், கிருமி கிளியர் லா."

எலும்பை உறிஞ்சினார். கன்னத்தில் நெய் மினுங்கியது. அதே ஊசி, இவருக்குப் பிரியாணி, அப்பாவுக்குச் சாம்பல்.

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"அன்னிக்கே சொன்னேனே! டெஸ்டுக்குப் போறேன், போறேன்னாரு. ஒருநாள்தான் வாயைத் தொறந்தாரு. 'எம் பேரு போட்ட ரத்த டியூப் எம்பொண்ணு கையில போய் நிக்கும். ஈரல்னா, அப்பன் திருட்டுத்தனமா குடிச்சிருக்கான்னு நெனைப்பா'ன்னாரு."

"வேற எங்கயாவது கொடுத்திருக்கலாமே!"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'சிங்கப்பூர் ரத்தமெல்லாம் எம்பொண்ணுகிட்டதான் போகும்'னாரு. அவ்ளோ பெருமை அவருக்கு."

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இரண்டு வருஷம் அப்பாவின் பயம் முழுக்க இந்த மனிதரிடம் இருந்திருக்கிறது. மகளுக்கு அதில் ஒரு துளிகூட இல்லை.

"ஸ்ரீராமுக்குத் தெரியுமா?"

"எங்க தெரியும்? கேரம் சண்டையில என்கூட பேச்சை விட்டவன். எங்கயாவது என்னைப் பாத்தா, நான் நிக்கிற லிஃப்ட்லகூட ஏறமாட்டான். நான் போன் பண்ணா வெச்சிடுவான். உங்கப்பாதான் நேர்ல போய் சொல்றேன்னாரு, போகவே இல்ல. அவன் இப்ப பொங்கோல்ல பேரப்புள்ளைங்களோட ஜாலியா இருக்கான்."

ஜாலியா. ஸ்ரீராமிடம் சொன்னால், அப்பாவுக்குக் கிடைக்காத மாத்திரை இன்னொருவருக்கும் கிடைக்கும். இன்னொரு தட்டு பிரியாணி. சொல்லாவிட்டால்? அதை அவள் நினைத்து முடிக்கவில்லை.

"அவர் வீட்டு பிளாக் நம்பர் சொல்லுங்க மாமா," என்றாள்.

இங்கிருந்து பொங்கோலுக்கு ஒரே ரயில். நடுவில் மாற வேண்டியதுகூட இல்லை. அப்பா அதில் ஏறவேயில்லை.